சாஸ்திரியார் மெட்டு, பண்டிதர் சுரம்

ஆனி பிறந்து அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்களில் நிற்கவும் இடம் இருக்காது. மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா, ஐந்தருவியில் வரிசை எவ்வளவு நீளம் என்ற பேச்சிலேயே மேலகரம் தாண்டிப் போய்விடும். குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் அந்த ஊர்க்காரர். தென்காசியிலிருந்து வேறு பக்கமாக ஆய்க்குடி, சுரண்டை வழியில் போனால் சாம்பவர் வடகரை வரும். 1859 ஆகஸ்ட் 2 அன்று ஆபிரகாம் பண்டிதர் பிறந்தது அங்கே. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் நான் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டைப் பற்றி யோசிக்கிறேன். ஒரு ஊரின் பாட்டு வடிவத்தை ஒரு கிறிஸ்தவக் கவிஞர் எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு ஊரிலிருந்து ஒரு கிறிஸ்தவ இசைக்காரரே கிளம்பிப் போனார். இருவரும் போய்ச் சேர்ந்த இடம் தஞ்சாவூர்.

முதலாமவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது, ஊருக்கு வந்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். பிற்பாடு மன்னராக வந்த இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் கவனிப்பில் வளர்ந்தவர். சாஸ்திரியார் 1864 வரை, தொண்ணூறை ஒட்டி வாழ்ந்தார். நூற்றுக்கு மேல் நூல்கள் எழுதினார். சபையார் கொடுத்த பட்டம் ‘சுவிசேடக் கவிராயர்’. பண்டிதருக்கு ஆயுள் குறைவு, அறுபதுதான், 1919-ல் முடிந்துவிட்டது. சாஸ்திரியார் கண்மூடியபோது பண்டிதருக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினார் என்று எழுதிவிட்டால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒருவர் செய்ததை மற்றவர் வேறு முனையிலிருந்து செய்தார்.

குறவஞ்சியிலிருந்து தொடங்குவோம். குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி அவர்மேல் மையல் கொள்கிறாள். மலைக்குறத்தி வந்து மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்கிறாள். அவளைத் தேடிக் குறவன் சிங்கன் பறவை பிடித்துக்கொண்டே வருகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் இதைக் கதையாக வாசிப்பது அருவியைப் படத்தில் பார்ப்பது மாதிரி. விருத்தம் வந்தால் தாளமில்லாமல் இழுத்துப் பாட வேண்டும். அடுத்து வரும் கண்ணியில் கால் தானாகத் தட்டும். சிங்கன் ஒவ்வொரு நகையாகச் சுட்டி இது என்ன, இது என்ன என்று மிரண்டு கேட்க, சிங்கி ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் சொல்லிப் பதில் தரும் இடம் இரண்டு தொண்டைகளுக்கென்றே எழுதியது. ஒருவர் இரண்டு பங்கையும் பாடினால் பாதிச் சுவை போய்விடும். பந்தடிக்கும் இடத்தில் சொற்களே பந்தாகத் துள்ளும். அங்கே மூச்சு வாங்க இடம் தேடுவதே பாடுகிறவருக்குப் பெரிய பாடு.

சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ இந்த அச்சில் வார்த்தது. வசந்தவல்லி இருந்த இடத்தில் சீயோன் குமாரத்தியான தேவமோகினி. குற்றாலநாதர் இருந்த இடத்தில் பெத்லகேம் நாதர். குறி சொல்ல வருவது விசுவாசம் என்னும் குறத்தி. சிங்கனின் வலை சுவிசேஷ வலை, அதில் விழும் பறவைகள் ஆன்மாக்கள். மலைவளம் பாட வேண்டிய இடத்தில் வேதாகமத்து மலைகள் வருகின்றன. மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ஆதலால், அன்றைக்கு ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த வானநூலையும் பூகோளத்தையும் பாட்டுக்குள் நுழைத்துவிட்டார். பூமி சூரியனைச் சுற்றுகிற செய்தி ஒரு குறவஞ்சிக்குள் வந்து உட்காரும் என்று மேலகரத்துக் கவிராயர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று கைமாறியிருக்கிறது, ஒன்று நழுவியிருக்கிறது. கைமாறியது சந்தம். நழுவியது மலை. திரிகூடராசப்பர் சொல்லும் மலையில் சாரல் அடிக்கும்; குரங்குகள் கனி கொடுத்துக் கொஞ்சும்; தேனருவியின் திரை எழும்பி வானின் வழியே ஒழுகும். அவர் ஜன்னலைத் திறந்தால் அந்த மலை தெரியும். சாஸ்திரியார் சீனாயையும் சீயோனையும் கண்ணால் பார்த்ததில்லை, படித்துத்தான் அறிவார். அதனால் அவருடைய மலைப்பாட்டில் பெயர்களின் வரிசை இருக்கிறது, ஈரம் இல்லை. இது என் அபிப்பிராயம். சாஸ்திரியார் பக்தர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆனால் மலையை இழந்தவர் அதற்கு ஈடாகச் சபையைப் பிடித்தார். அவர் பாட்டுகளின் பல்லவியைப் பாருங்கள். நான்கைந்து சொல், ஒரே மூச்சு, முடிகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து விழ வசதியான ஒரு நெடில். எழுத்து அறியாத ஒருவர் இரண்டாம் முறை கேட்டதும் பாடிவிடலாம். சரணத்தைத் தேர்ந்த ஒருவர் பாடுவார். பல்லவிக்குக் கூட்டம் வந்து சேரும். கும்மி, ஏற்றப்பாட்டு, நாடகப்பாட்டு என்று ஊரில் ஏற்கெனவே வாயில் ஓடிக்கொண்டிருந்த வடிவம் ஒவ்வொன்றையும் பிடித்தார். ‘ஞானத்தச்ச நாடகம்’ நோவாவின் கப்பலை வைத்துத் தச்சுவேலையையே பாட்டாக்கியது. மெட்டு கேட்பவர்களிடம் முன்பே இருந்தது. சொல்லை மட்டும் இவர் கொண்டுவந்து அதில் ஏற்றினார். அவர் மகள் ஞானதீபம்மாளும் அவரோடு பாடியவர். பாட்டு இப்படிக் குடும்பத் தொண்டையில்தான் பயணம் செய்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாட்டுகள் புத்தகம் ஏறின. ஏறியது சொல்லும், தலைப்பில் இராகத்தின் பெயரும், தாளத்தின் பெயரும். மெட்டு ஏறவில்லை. ஏற்றும் வழக்கமும் அப்போது இல்லை.

பெயர் மட்டும் ஏட்டில் நின்று மெட்டு நழுவுவது இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், அங்குள்ள குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். முதலாவதற்குப் பண் குறிஞ்சி, இரண்டாவதற்குக் காந்தாரம் என்று ஏட்டில் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரும் பாடிவிட முடியாது. ஓதுவார் வாயில் இருந்ததுதான் பாட்டு. குற்றாலக் குறவஞ்சிக்கும் அதே கதிதான். 1944-ல் ருக்மிணிதேவி கலாக்ஷேத்ராவில் அதை மேடையேற்றியபோது வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கவிராயர் எந்தச் சாயலில் பாடினார் என்பதைக் குற்றாலநாதரைத்தான் கேட்க வேண்டும்.

ஆபிரகாம் பண்டிதருக்கு இந்தக் கதி பிடிக்கவில்லை. அவர் ஆசிரியர் பயிற்சிக்குத் திண்டுக்கல் போனவர். அங்கே சடையாண்டிப் பத்தரிடம் சங்கீதம் கற்றார். பிறகு தஞ்சாவூரில் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வாத்தியார் வேலை. அதை விட்டுவிட்டுச் சித்த மருத்துவம். சுருளி மலையில் கண்ட கருணானந்த முனிவர் வழியாகக் கிடைத்த மருந்துமுறை என்று சொல்வார். ‘கருணானந்தர்’ மாத்திரைகள் நன்றாக விற்றன. அந்தப் பணத்தில்தான் சங்கீதம் செய்தார். தோட்டம் போட்டார், 1911-ல் மின்சாரத்தில் ஓடும் அச்சகம் வைத்தார், 1912 முதல் தன் செலவில் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகள் கூட்டினார், வித்வான்களுக்குச் சோறு போட்டு அவர்களோடு வாதாடினார். 1916-ல் பரோடா மாநாட்டுக்குத் தன் வீட்டுப் பெண்களையும் வீணையையும் அழைத்துப் போய்த் தன் சுருதிக் கணக்கைப் பாடியும் வாசித்தும் காட்டச் செய்தார். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கத்தைத் தாண்டும் புத்தகம். தூக்கி மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும்.

எல்லாரும் பேசுவது அந்தப் பெரிய புத்தகத்தைப் பற்றித்தான். ஸ்தாயியில் 22 சுருதி என்ற பழைய கணக்கை மறுத்து, சிலப்பதிகாரத்தை ஆதாரமாக வைத்து, 12 சுரம் 24 சுருதி என்று அவர் நிறுவப் பார்த்ததைப் பற்றி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பத்து வருஷம் முந்திய சின்னப் புத்தகம். 1907-ல் வந்த ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’. அதில் அவர் இயற்றிய 96 பாடல்கள் இருக்கின்றன, சுரக்குறிப்போடு. சங்கீதம் படிக்கிற பிள்ளை கீதம், சுரஜதி என்று படிப்படியாக ஏறிக் கீர்த்தனைக்கு வருகிற வரிசை; பாடப்படுவது கிறிஸ்தவ பக்தி.

சங்கீதத்தைக் காகிதத்தில் பிடித்துவிட வேண்டும் என்ற வேகம் அந்தக் காலத்துக்கே இருந்தது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் அச்சானது. அதற்குத் தூண்டுகோலாக இருந்த சென்னை சின்னசாமி முதலியார் ஒரு கத்தோலிக்கர். தியாகராஜர் கிருதிகளை ஐரோப்பிய ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதிக் கண்பார்வையும் கைக்காசும் தொலைத்தவர். பண்டிதர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். வித்தியாசம், அவர் பிறர் பாட்டை மட்டும் எழுதி வைக்கவில்லை. தன் வேண்டுதலையே சரிகமபதநி போட்டு எழுதினார்.

சாஸ்திரியாரின் பாட்டு, கூட்டத்தின் நினைவை நம்புகிறது. பண்டிதரின் பாட்டு யார் நினைவையும் நம்பவில்லை. இவ்விடத்தில் காந்தாரம் இரண்டு அட்சரம், அவ்விடத்தில் மூச்சு, இந்தச் சொல் தாளத்தின் இந்த எண்ணிக்கையில் விழும் என்று கையைப் பிடித்துக் காட்டுகிறது. மருந்துக்கு எடை போடுகிறவர் கை அப்படித்தான் இருக்கும்.

தமிழ்ச் சொல்லுக்கு இந்தக் கண்டிப்பு தேவைதான். சபையில் நாங்கள் பாமாலையும் பாடுகிறோம். பெப்ரிசியுஸ் முதலிய ஜெர்மன் ஐயர்மார் தங்கள் ஊர் ஞானப்பாட்டுகளைத் தமிழில் திருப்பி, மெட்டை அப்படியே விட்டு வைத்தார்கள். ஜெர்மன் மெட்டு அழுத்தத்தை வைத்து நடக்கும். தமிழ் குறில் நெடிலை வைத்து நடக்கும். நீள சுரம் ஒரு குறிலின் தலையில் வந்து உட்கார்ந்தால் ‘மனம்’ ‘மானம்’ ஆகிவிடும். ‘கடல்’ ‘காடல்’ ஆகி அர்த்தமே இல்லாமல் போகும். சிறு வயதில் நான் ஒரு பாட்டில் கர்த்தர் நம் மானத்தை ஆராய்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பண்டிதரின் கீர்த்தனையில் இந்த விபத்து நடக்காது. சுரம் நீள்கிற இடத்தில் நெடிலோ ஒற்றோ காத்துக்கொண்டிருக்கும். சாஸ்திரியாரிடமும் நடக்காது, காரணம் வேறு. அவர் சொல்லை வாயில் பாடியபடியே கட்டியிருக்கிறார். வாய் இடறாத சொல்தான் பாட்டில் நின்றிருக்கிறது. ஒருவருக்குக் கணக்கு சொன்னதை மற்றவருக்கு நாக்கு சொன்னது.

சாஸ்திரியாரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிமார் பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், பண்டிகைப் பூவை விலக்கினார்கள், தமிழ்க் கீர்த்தனையை ஆராதனையில் அனுமதிக்கத் தயங்கினார்கள், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்றார்கள். சாஸ்திரியார் நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்த்தார். 1829-ல் ‘சாதியாசாரத்தின் பாவனை’ எழுதினார். பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம், சாதி விஷயத்தில் இல்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன, ஒரே பேனாவிலிருந்து வந்தன. கும்பலாகப் பாடப் பல்லவி கட்டியவருக்கு அந்தக் கும்பல் கலந்து உட்காருவது பொறுக்கவில்லை. அரண்மனையோடு வளர்ந்த வேளாளப் புலவரின் எல்லை அது. சாம்பவர் வடகரை நாடார் குடும்பத்துப் பிள்ளையான பண்டிதருக்கு அரண்மனைச் சலுகை எதுவும் இல்லை. அக்கிரகாரத்து வித்வான்கள் நடுவே உட்கார அவருக்கு ஆயிரத்து முந்நூறு பக்கம் சாட்சி தேவைப்பட்டது. காகிதத்தின்மேல் அவருக்கிருந்த பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாய்ச்சொல்லை நம்பும் வசதி எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

இனி கொயருக்கு வருவோம். இந்தப் பக்கத்துச் சபைகளில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல் பிரித்துப் பாடுவது ஒரு பெருமை. கிறிஸ்மஸ் நெருங்கினால் ஹாண்டலின் அல்லேலூயாவை எடுக்காத கொயர் கொயரே இல்லை. சோல்ஃபாவில் எழுதிய தாள்கள் எண்ணெய்க்கறையோடு கைமாறி வரும். கீர்த்தனை முறை வந்ததும் அதே நாலு குரலும் ஒரே குரலாகிவிடும். ஏன் கீர்த்தனையை நாலாகப் பிரிக்கக் கூடாது என்று வாலிபப் பையன்கள் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள். சங்கராபரணம் என்றால் பிரிக்கலாம், அது மேஜர் ஸ்கேலின் கூடப்பிறந்தது. ஆனந்தபைரவியை எடுத்தால் ஆல்ட்டோக்காரப் பிள்ளைகள் எந்த சுரத்தில் நிற்பது என்று திணறுவார்கள். அதில் சுரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். ஆடுகிற ஒன்றின்மேல் இன்னொரு குரலை அடுக்கினால் இரண்டும் விழும். அடுக்கத்தான் வேண்டுமென்றால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இராகம் போய்விடும்.

இந்தச் சிக்கலுக்குப் பண்டிதர்தான் பக்கத்தில் வந்தவர். 12 சமமான இடம் என்ற அவர் கணக்கு, மேல்நாட்டு ஆர்கனின் கணக்கோடு ஒத்துப்போகிறது. அவர் அதைப் பழந்தமிழ் இசையின் பாலைகளிலிருந்து வருவித்தார் என்பது வேறு விஷயம். அப்படிப் பார்த்தால் அவர் பாட்டுகள் கொயருக்கு எளிதாக வாய்த்திருக்க வேண்டும். வாய்க்கவில்லை. எனக்குத் தெரிந்த சபைகளில் ஞாயிறு ஆராதனையில் சாஸ்திரியார் பாட்டு ஒன்றாவது வரும். பண்டிதர் பாட்டு வருவது அபூர்வம். காரணம் அவர் பாட்டின் குறை இல்லை. அது கற்றவர் ஒருவர் வாயை எதிர்பார்த்து எழுதப்பட்டது. சபை கற்றவர் ஒருவர் இல்லை. பின்வரிசையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருக்கும் தாய்மாரும் அதில் உண்டு.

போன வருஷம் எங்கள் கொயரில் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தோம். அசனப் பண்டிகைக்கு இரண்டு பாட்டு: ஒன்று பண்டிதருடையது, ஒன்று சாஸ்திரியாருடையது. பண்டிதர் பாட்டுக்குப் புத்தகத்து சுரத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் யாருக்கும் பாட்டு பிடிக்கவில்லை. மூன்றாம் வாரம் சரணத்தில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டு இறங்குகிற இடத்தில் டெனர் பையன்கள் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதற்கு முந்தி அவர்கள் கண்ணை மூடிப் பாடி நான் பார்த்ததில்லை. நூறு வருஷத்துக்கு முந்திய ஒருவர் நினைத்த மூச்சு அப்படியே வந்து இறங்கியதாகத் தோன்றியது.

சாஸ்திரியார் பாட்டுக்கு ஒத்திகையே வேண்டாம் என்று கொயர் மாஸ்டர் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் தெரிந்ததுதானே. புத்தகத்தில் போட்டிருந்த இராகத்தை ஹார்மோனியத்தில் பிடித்துக் கொடுத்ததும் கொயர் தடுமாறியது. வாய்க்குத் தெரிந்த மெட்டு அது இல்லை. புத்தகத்தில் இருப்பதுதான் சரி, வாயில் இருப்பதைத் திருத்த வேண்டும் என்றார் மாஸ்டர். கோயில் பெருக்க வந்திருந்த ஆச்சி ஒருத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்: “அது அப்படி இல்லய்யா. எங்க அம்மா வேற மாதி படிப்பா.” நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத மூன்றாவது ஒரு மெட்டில் அவள் பாடினாள். புத்தகத்து இராகமும் இல்லை, நாங்கள் பாடி வந்ததும் இல்லை. பல்லவி முடியும் நெடிலில் மட்டும் மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன.

வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் ஒரு கையால் துருத்தியை அமுக்கியபடி, மறு கையின் விரல்களால் ஆச்சியின் சுருதியைக் கட்டை கட்டையாகத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அவருக்காக நிற்கவில்லை, இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டாள்.